திருப்பூர் பக்கம் கையூணி ஏறுற மாதிரி சின்ன மலை, கரடு எதெல்லாம் இருக்குங்க?

பனியன்நகர்_பையன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு கம்பெனில செக்கிங் செக்சன்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு. கூட்டாளிகளோட வெள்ளியங்கிரி போயிட்டு வந்ததுல இருந்து மலை ஏறுற ஆசை விடவே மாட்டீங்குது. ஆனா அது மாசில தொறந்தா வைகாசியோட முடிஞ்சுது, அதும் ராத்திரி பூரா கூட்டத்தோட கூட்டமா ஏறி எறங்கறது, ஒரு எடத்துல நின்னு சித்த நேரம் சுத்திப் பாக்கக்கூட வழியில்ல.

எனக்கு பெரிய மலையெல்லாம் வேண்டாமுங்க. விடியால பைக் எடுத்தா மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ற தூரத்துல, மொத்தமும் படிக்கட்டு கட்டி வெக்காம, நடுவுல கொஞ்சமாச்சும் கையையும் ஊணி பாறையப் புடிச்சு ஏறுற மாதிரி இருக்கோணும். சென்னிமலை, சிவன்மலை, அலகுமலை எல்லாம் சின்னதுல இருந்து போறதுதான், அது சாமி கும்பிடப் போறது, அதைக் கேக்கல.

இன்னொண்ணு. எங்க அம்மாயி ஊரு காங்கயம் பக்கம். ஊருக்கு மேக்கால ஒரு மொட்டைக் கரடு இருக்கு, ஒரு பக்கம் பூரா சரிவான ஒரே பாறை, உசரம் ரெண்டு மூணு தென்னை மரம் இருக்கும் அவ்வளவுதான். அதுல நேரா பாறை வழியாவே ஏறிடலாம்னு தோணுது. ஏற முடியும்னு நம்பிக்கை இருக்கு, எறங்கறதை நெனைச்சாத்தான் அடிவயிறு கலங்குது. கயிறு வாங்கோணுமா? ஷூ எது எடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரட்டு_மேல:

மொதல்ல மலைங்களைச் சொல்லிடறனுங்க தம்பி, பாறைக்கு வேற யாராச்சும் நல்லா சொல்லுவாங்க.

கொண்டரங்கி. தாராபுரத்துல இருந்து ஒட்டன்சத்திரம் போற ரோட்டுல கள்ளிமந்தயம் வந்து கீரனூர் பக்கம் ஒதுங்கோணும். சுத்தி ஒரே மட்டமான மேட்டுக்காடு, அதுக்கு நடுவுல கூம்பா ஒத்தையா நிக்கும், ரோட்டுல வர்றப்பவே இதுதான்னு தெரிஞ்சுரும். கடல் மட்டத்துல இருந்து 3,800 அடிக்கு மேலன்னு சொல்லுவாங்க, அடிவாரமே உசந்த பூமிங்கறதால அத்தனையும் நம்ம காலால ஏறோணும்னு இல்ல. ஒசக்க பாறையோட பாறையா மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். மேல போகப் போக பாறையிலயே உளியால கொத்துன படிதான், செங்குத்தான எடத்துல பாதம் பாதிதான் நிக்கும், பக்கத்துல புடிச்சுக்கக் கம்பி நட்டு வெச்சிருக்காங்க. இப்ப எல்லாரும் வீடியோ போட்டு ஞாயித்துக்கிழமை கூட்டம் வருது, உண்மைதான். ஆனா கையும் காலும் சேந்து வேலை செய்யறதுன்னா என்னன்னு பழகறதுக்கு அதைவிட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் இல்லீங்க, ஏன்னா தடுமாறுனா புடிக்கக் கம்பி இருக்கு. கம்பியத் தொடாம ஏறிப் பாருங்க, தேவைப்பட்டாப் புடிங்க.

அதுக்கு அடுத்தது ரங்கமலை. கரூர் – திண்டுக்கல் பெரிய ரோட்டுல அரவக்குறிச்சி தாண்டிப் போறப்ப பக்கத்துலயே தெரியும், தெனமும் ஆயிரம் வண்டி அதைப் பாத்துட்டே போகுது, ஏறுறவங்க கம்மி. அங்கயும் ஒசக்க மல்லீஸ்வரன் கோயில்தான். உங்க ஊர்ல இருந்து கொஞ்சம் தொலைவு, மத்தியானச் சோத்துக்கு வந்து சேர முடியாது.

ஊதியூர் மலை காங்கயம் – தாராபுரம் ரோட்டு மேலயே இருக்கு, கொங்கணச் சித்தர் இருந்த மலைன்னு சொல்றது. அழகான மலை. ஆனா அது வனத்துறையோட காப்புக்காடு, 2023ல சிறுத்தை வந்து ஆடு கன்னெல்லாம் புடிச்சுட்டு இருந்த எடம். கோயிலுக்குப் போற தடத்தை விட்டு இக்கட்ட அக்கட்ட ஒதுங்கவே வேண்டாம்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது அறச்சலூர் நாகமலை. பெரிய ஏத்தம் ஒண்ணுமில்ல. அங்க ஆண்டிப்பாறைன்னு ஒரு குகைத்தளம் இருக்கு, அதுல தமிழி, அதான் அந்தக் காலத்துப் பழைய தமிழ் எழுத்துல வெட்டுன கல்வெட்டு, 'த தை தா தை த'ன்னு ஆரம்பிக்கும். வரிசைக்கு அஞ்செழுத்தா அஞ்சு வரிசை. எடமிருந்து வலமாப் படிச்சாலும் மேலிருந்து கீழாப் படிச்சாலும் அதே தாளந்தான் வரும். எழுத்தைச் சேத்தவரு மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்னு பேரும் வெட்டி வெச்சிருக்கு. வண்ணக்கன்னா பொன்னு, காசு, மணியெல்லாம் சோதிச்சுப் பாக்கறவரு. ஆயிரத்தைநூறு வருசத்துக்கும் மேல முந்தி நம்ம ஈரோட்டுப் பக்கத்து ஆளு ஒருத்தரு கரட்டு மேல உக்காந்து ஆட்டத்துக்குத் தாளத்தைக் கல்லுல எழுதியிருக்காருங்க! நாம ஒரு கரட்டுக்குப் போறோம்னா அதுல இருக்கறதையும் பாத்துட்டு வரோணும். கை வெச்சுத் தேய்க்காதீங்க, சாக்பீஸ் போட்டு எழுத்தைத் தெளிவாக்கி போட்டோ எடுக்காதீங்க.

சங்ககிரிக் கோட்டையும் ஒருக்கா போகோணும். தீரன் சின்னமலையை 1805ல தூக்குல போட்ட எடம். ஒவ்வொரு வாசலாத் தாண்டித் தாண்டி ஏறிப் போகோணும், தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கறதால பாறை ஏறுற விளையாட்டெல்லாம் அங்க கூடாது, தடத்துலயே நடந்தாலே காலுக்கு நல்ல வேலை.

போகக்கூடாததும் ஒண்ணு சொல்றேன். நாமக்கல் – திருச்சி எல்லையில தலைமலை. மலைக்குப் போலாம், ஆனா மேல கோயிலோட வெளிச்செவுத்தை ஒட்டி விளிம்புல சுத்தி வர்ற பழக்கம் ஒண்ணு இருக்கு, ஒரு பாதம் வெக்கற எடம், அந்தப் பக்கம் பாதாளம். 2017ல ஒருத்தரு அப்படிச் சுத்தறப்ப விழுந்து இறந்துட்டாரு. யாரு கூப்புட்டாலும் அதைச் செய்யாதீங்க.

ஆட்டுக்காரர்_ஊடு:

அந்த மொட்டைப் பாறையப் பத்தி நான் சொல்றேன். எங்க ஐயன் கரட்டுல ஆடு மேச்சவரு, நானும் பள்ளிக்கூடம் லீவு உட்டா அவரோடதான் இருப்பேன், காங்கயம் சுத்து வட்டாரத்துப் பாறை எப்படின்னு காலுக்குத் தெரியும்.

நம்ம பக்கத்துப் பாறை தூரத்துல இருந்து வழுவழுன்னு தெரியும், கிட்டப் போயி உள்ளங்கைய வெச்சீங்கன்னா சொரசொரன்னு இருக்கும். கல்லுல இருக்கற மெதுவான பாகம் வெயில்லயும் மழைலயும் கரைஞ்சு போயி கெட்டியான வெள்ளைப் பொடிக்கல்லு மட்டும் மேல துருத்திட்டு நிக்கும். அதுதான் உங்களைப் புடிச்சு நிறுத்தறது. பாறைமேல படுத்து ஒட்டிக்கிட்டு ஏறுனா பாதம் வழுக்கும், பயத்துல எல்லாரும் செய்யறது அதான். ஒடம்பை நிமித்தி, பாரம் பூரா பாதத்துக்கு நேரா எறங்கற மாதிரி நின்னீங்கன்னா கை சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். குதிகாலைத் தூக்கிட்டு நிக்காம தாழ்த்தி வெய்யுங்க. எட்டி எட்டிக் கால் வெக்காதீங்க, பையப் பைய சின்ன அடியா.

அதே பாறைல மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பா கோடு கோடா இருக்குமே, அது மழைத்தண்ணி வழியற தடம், பாசி புடிச்சுக் காஞ்சது. வெயில் காலத்துல ஒண்ணும் தெரியாது. ஒரு தூறல் விழுந்தா அடுத்த நிமிசம் அதுல காலு நிக்காது. ஏறிட்டு இருக்கறப்ப மேகம் கருக்குனாலே கறுப்புக் கோட்டை விட்டு வெள்ளைப் பக்கம் தள்ளி வந்துருங்க. இன்னொண்ணு பொடிக்கல்லு உதுந்து பாறைமேலயே பருமணலாக் கெடக்கும், அதுல கால் வெச்சா உருட்டி விட்ரும், கையால தூத்தி விட்டுட்டு வெய்யுங்க. வெயில்ல வெந்து வெந்து மேல்பாறை சில எடத்துல அப்பளம் மாதிரி தனியாப் பொறிஞ்சு நிக்கும், பாத்தா கெட்டியாப் புடிக்கறதுக்குத் தோதா இருக்கும், விரல் முட்டியால தட்டிப் பாருங்க, 'டொக்'குனு உள்ள காலியாக் கேட்டா அதைத் தொடவே வேண்டாம்.

எறங்கறதைக் கேட்டீங்க. அதான் முக்கியமுங்க. ஏறுறப்ப கண்ணு மேல இருக்கு, புடிக்கற எடம் மூஞ்சிக்கு நேரா தெரியுது. எறங்கறப்ப கால் வெக்கற எடம் வயித்துக்குக் கீழ மறைஞ்சு போகுது, முட்டி ஏற்கெனவே நடுங்கிட்டு இருக்கும். அதனால ஆறடி ஏறுங்க, அங்கயே நின்னு அதே ஆறடியை எறங்கிப் பாருங்க. எறங்க முடிஞ்சா மறுக்கா ஏறி இன்னொரு ஆறடி. எந்த எடத்துல எறங்க வரலையோ அதுதான் இன்னிக்கு உங்க உச்சி. சரிவு கம்மியா இருக்கற எடத்துல வெளிய பாத்தமேனிக்கு முட்டிய மடக்கி எறங்கலாம், செங்குத்தானா பாறையப் பாத்துத் திரும்பிக்கோணும், ரெண்டு கை ஒரு கால், இல்லாட்டி ரெண்டு கால் ஒரு கை, எந்நேரமும் மூணு பாறைல இருக்கோணும். உக்காந்துட்டே சறுக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, சறுக்க ஆரம்பிச்சா நிறுத்தறது நம்ம கையில இல்ல.

அதுக்கும் முந்தி, மொதத்தடவை பாறைப் பக்கமே போகாம கரட்டைச் சுத்தி நடங்க. மொட்டைக் கரடுன்னா ஏதாச்சும் ஒரு பக்கம் மண்ணும் கெளுவை மரமுமா சரிவாத்தான் இருக்கும். அந்தப் பக்கமா ஏறி உச்சியப் பாருங்க, எறங்கற வழிய மனசுல பதிய வெய்யுங்க. அப்புறம் பாறை வழியா ஏறுனாலும் இந்தப் பக்கமா எறங்கிக்கலாம். ஆட்டுத்தடத்தை நம்பிப் போகாதீங்க. தடம் நல்லாத் தேஞ்சு தெளிவா இருக்கும், திடீர்னு ஒரு பாறைத் திண்டுல போயி முடியும், ஆடு அங்க இருந்து தாண்டிரும், நாம நிப்போம்.

ஷூ அடி பட்டையா, மெதுவான ரப்பரா இருக்கோணும், ஓடறதுக்குப் போடற தடிமனான மெத்தை ஷூ பாறைக்கு ஆகாது, பாதத்துக்குக் கீழ என்ன இருக்குன்னே தெரியாது. பழைய கேன்வாஸ் ஷூ தேவலை, அடி தேயாம இருந்தாச் சரி.

நொய்யல்கரை_அம்மிணி:

மேல சொன்னதெல்லாம் சரிங்ணா, ஆனா நீங்க ரெண்டு பேரும் வெயிலை விட்டுட்டீங்க. நம்ம பக்கம் கரட்டுல விழுந்து அடிபடறவங்களை விட வெயில்ல மயங்கறவங்கதான் நான் பாத்த வரைக்கும் எச்சா. நாங்க பொம்பளைங்க ஒரு செட்டாப் போவோம், எங்க கணக்கு என்னன்னா பொழுது கெளம்பறப்ப அடிவாரத்துல கால் வெச்சிரோணும், பத்து மணிக்கு மறுபடி கீழ இருக்கோணும். பாறை ஒருக்கா சூடேறுச்சுன்னா காத்து குளுந்தாலும் அது ஆறாது, கை வெக்க முடியாது. கோயில் மலைல செருப்பைக் கழட்டிட்டுப் போறவங்களுக்கு எறங்கறப்ப உள்ளங்காலு பொரிஞ்சே போகும்.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், கொறைக்காதீங்க. மேல சுனை இருக்கும்னு யாராச்சும் சொல்லுவாங்க, மாசிக்கு மேல அதுல பாசியும் கொரங்குக் குளியலுந்தான். உப்புப் போட்ட மோரு ஒரு பாட்டில், நெலக்கடலை, கச்சாயம் இதெல்லாம் பிஸ்கட்டை விட நல்லாத் தாங்குது. தின்கறதை கவர்ல வெளிய தெரியற மாதிரி எடுத்துட்டுப் போகாதீங்க, கொரங்கு புடுங்கறப்ப நாம தடுமாறுறது பாறைமேலன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

காலம் எதுன்னா கார்த்திகை முடிஞ்சு தை வரைக்கும் போதுமுங்க, மழை நின்னு பாறை காஞ்சு, புல்லு இன்னும் பச்சையா இருக்கறப்ப. ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, தாராபுரம் உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்கறது அந்தக் காத்தை நம்பித்தான். கொண்டரங்கி மாதிரி ஒத்தையா நிக்கற மலைல அப்ப கம்பியப் புடிச்சாலும் ஆளைத் தள்ளும். சித்திரை வைகாசில பொழுதோட இடிமழை வரும், மொட்டை உச்சில நாமதான் உசரமான பொருளு. மின்னல் பாத்து முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள வந்துருச்சுன்னு அர்த்தம், போட்டோ எடுக்காம எறங்குங்க.

பாறை நெத்தில பெரிய பெரிய தேனடை தொங்குதான்னு கீழ இருந்தே பாருங்க. இருந்தா அந்தப் பக்கம் வேண்டாம். செண்டு அடிச்சுட்டுப் போகாதீங்க, பீடி சிகரெட் பொகை ஆகாது. கெளம்பிடுச்சுன்னா அடிக்காம மூஞ்சிய மூடிக்கிட்டு அந்த எடத்தை விட்டு வெலகிப் போறதுதான் வழி. பாறை எடுக்குல கண்ணு போகாத எடத்துல கைய விடாதீங்க, சுருட்டை விரியன் அளவுல சின்னது, கல்லோட கல்லா ஒட்டிக் கெடக்கும். கடிச்சா கட்டுப் போட்டு இறுக்கறது, வாயில உறியறது, பச்சிலை தேடறது எதும் வேண்டாம், கடிபட்ட கைகாலை ஆடாம வெச்சு 108க்குப் போன் போட்டு வெசயா பெரியாஸ்பத்திரி. வெஷமுறிவு ஊசி அங்க இருக்கும்.

கொண்டரங்கிக்குப் போகச் சொன்னதுல எனக்கு ஒரு மாறுபாடு இருக்குங்ணா. மொதல்ல அவரு அம்மாயி ஊருக் கரட்டுலயே மண்ணுப் பக்கமா நாலஞ்சு ஞாயிறு ஏறி எறங்கட்டும். கொண்டரங்கில பின்னால பத்துப் பேரு நிக்கறப்ப பயந்தா நின்னு மூச்சு வாங்கறதுக்குக்கூட எடம் இருக்காது, எறங்கறவங்க ஏறுறவங்க எல்லாம் ஒரே கம்பியப் புடிச்சுட்டு நிப்பாங்க. சொந்த ஊருக் கரட்டுல அவசரமில்ல.

பனியன்நகர்_பையன்:

எல்லாத்துக்கும் நெம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கல. அம்மிணி அக்கா சொன்ன மாதிரியே மொதல்ல ஊருக் கரட்டுல ஆரம்பிக்கறேன். ரெண்டு சந்தேகம் மட்டும். ஒண்ணு, எந்த மலைக்கு பர்மிசன் வேணும், எதுக்கு வேண்டாம்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? ரெண்டு, கயிறைப் பத்தி யாரும் சொல்லலீங்களே. ஹார்டுவேர்ஸ் கடைல நைலான் கயிறு வாங்கி மேல ஒரு மரத்துல கட்டிட்டா எறங்கறதுக்கு ஆகாதா?

ஈரோட்டு_மஞ்சள்:

பர்மிசனுக்கு நான் சொல்றேன். காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம போனா தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம், அது 1882ல இருந்து இருக்கற சட்டம். கோயில் தடத்துல ஊரு சனம் போறதை யாரும் தடுக்கறதில்ல, தடத்தை விட்டு எறங்குனா கேள்வி வரும். கரட்டு அடிவாரத்துல எல்லைக்கல்லு, வனத்துறை போர்டு இருக்கான்னு பாருங்க, தெரியலைன்னா ஊருல பெரியவங்க ஒருத்தரையோ வி.ஏ.ஓ.வையோ கேளுங்க, கரடு புறம்போக்கா, காப்புக்காடா, பட்டாவான்னு அவங்களுக்குத் தெரியாம இருக்காது. பட்டா நெலத்து வழியாப் போகோணும்னா தோட்டத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, கடவைத் தொறந்தா மூடிட்டுப் போங்க.

காட்டுக்குள்ள முறையாப் போக ஆசைன்னா வனத்துறையே 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை தொறந்திருக்காங்க, ஆன்லைன்ல புக் பண்ணோணும், கூட வழிகாட்டி வருவாங்க. காட்டுத்தீ காலத்துல அதையும் மூடிருவாங்க. ஏன் மூடறாங்கன்னு கேக்கறவங்களுக்கு 2018 மார்ச் 11 தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத்தீ ஞாபகம் இருக்கட்டும். 23 பேரு போயிட்டாங்க, அதுல நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் புள்ளைங்களும் உண்டு. காஞ்ச புல்லுச் சரிவுல தீ மேல் நோக்கி வர்ற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாதுங்க. மாசி பங்குனில புல்லுக் கரட்டுல ஏறவே வேண்டாம், தீப்பெட்டியே பையில இருக்கக்கூடாது.

கரட்டுல பறவை கூடு கட்டுற பாறைன்னு இருக்கும், அதை ஒதுக்கி விட்ருங்க. கோபி பக்கம் எலத்தூர் நாகமலைய 2025ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சிருக்காங்க, கழுகு வகைங்க தங்கற கரடு அது. அறச்சலூர் நாகமலை வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. பக்கத்துல எத்தனையோ கரட்டை ஜல்லிக்கு ஒடைச்சு குழியாக்கிட்டாங்க, மிச்சம் நிக்கறதைப் பாக்க ஆளு வர்றது எனக்கு சந்தோசமாத்தான் இருக்கு. பழைய குவாரிக் குழிப்பக்கம் மட்டும் போகாதீங்க, விளிம்பு எப்ப சரியும்னு சொல்ல முடியாது, தண்ணி எத்தனை ஆழம்னும் தெரியாது.

ஆட்டுக்காரர்_ஊடு:

கயிறு தானே தம்பி, வேண்டாமுங்க. ஹார்டுவேர்ஸ் கடை நைலான் சாமான் கட்டறதுக்கு. ஆளு விழுந்து அந்த வெசை கயித்துல வந்து நின்னா அறுந்து போகும், அறுகலைன்னா இடுப்பு முறியும். மலையேறுறதுக்குன்னு தனியா இழுவை குடுக்கற கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட் எல்லாம் இருக்கு, அதையும் கீழ நின்னு கயிறு விடத் தெரிஞ்ச ஒருத்தரு இல்லாம கட்டிக்கிட்டுப் பிரயோசனமில்ல. அப்புறம் மொட்டைக் கரட்டு உச்சில மரம்னு நீங்க நெனைக்கறது பாறை வெடிப்புல அரை அடி மண்ணுல நிக்கற கெளுவையா இருக்கும், அது உங்க பாரத்தைத் தாங்காது, வேரோட வந்துரும். ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தரு இடுப்புல கட்டிட்டு ஏறுறது அதைவிட மோசம், ஒருத்தரு விழுந்தா ரெண்டு பேரும் ஒட்டுக்கா வருவீங்க. கயிறு வேணும்னு தோணுற பாறைன்னா, முறையாச் சொல்லிக்குடுக்கறவங்ககிட்ட பழகற வரைக்கும் அது உங்களுக்கான பாறை இல்ல.

தனியா மட்டும் போகாதீங்க. அம்மாயி ஊட்டுல எந்தப் பக்கமா ஏறுறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, கரட்டுல அங்கங்க டவர் கெடைக்காது. காங்கயத்துக்கு எந்தப் பக்கம்னு ஊரு பேரைத் தனியா மெசேஜ் போடுங்க, அந்தக் கரடு எனக்குத் தெரிஞ்சதா இருந்தா மண்ணுப் பக்கத்துத் தடம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றேன்.